மஹர் காசு

கம்பம்
8.7.2024

அன்புள்ள ஷானவாஸ் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கை லத்திபா எழுதுகிறேன். உறையைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். இந்தக் கோழிக் கிறுக்கலை வேறு யாராலும் எழுத முடியாது என்று நீங்கள்தானே சொல்வீர்கள். உங்கள் சர்க்கரை எந்த மட்டில் இருக்கிறது? மதினி சுகமா?

ஷர்மின் அத்தாவின் ஜனாஸாத் தொழுகையில் நீங்கள் நின்றதாக, அவரோடு திராட்சை வியாபாரம் செய்த வேல்பாண்டி அண்ணன் சொன்னார். பள்ளிவாசல் வரை வந்தவர் வீட்டுக்கு வரவில்லை. என் நிக்காஹ் சமயத்தில் "அந்த வாசல மிதிக்க மாட்டேன்" என்று சொன்னதை அவர் மய்யித்தான அன்றும் காப்பாற்றிவிட்டீர்கள். ரோஷத்தில் நாம் இருவரும் ஒரே அத்தாவுக்குப் பிறந்தவர்கள்தான். அதை இப்போது பேச வரவில்லை.

நான் இத்தாவில் இருக்கிறேன். நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டக் கூடாது. போனில் பேசலாம் என்றால் மாமி அடுத்த கட்டிலில்தான் படுத்திருக்கிறார்கள். மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் போன் என் கையில் இருப்பதைவிட மகள் ஷர்மின் கையில்தான் அதிகம் இருக்கிறது. அதனால்தான் காகிதம்.

அண்ணே, அவரைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்குவதற்கு முன்னால் பெண்கள் என்னிடம் வந்தார்கள். "மஹர மன்னிச்சிட்டேன்னு சொல்லும்மா, தூக்கப் போறாக" என்றார்கள். மஹர் என்பது புருஷன் பெண்டாட்டிக்குத் தீர்க்க வேண்டிய கடன், தீர்க்காமல் போனால் மண்ணுக்குள்ளும் அந்தப் பாரம் இறங்காது என்று நமக்கு ஓதிக்கொடுத்ததுதானே. எந்தப் பெண்ணும் அந்த நேரத்தில் அழுதுகொண்டே சொல்லிவிடுவாள். நான் சொல்லவில்லை. "மன்னிக்க ஒண்ணுமில்ல. நிக்காஹ் அன்னைக்கே சபையில வச்சு தங்கக் காசாக் குடுத்துட்டாக. அவுக எனக்குக் கடன்காரர் இல்ல" என்றேன். அந்த அழுகையிலும் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தக் கூடத்தில் எத்தனை பேரால் அப்படிச் சொல்ல முடியும்?

உடனே மாமி என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். "ஏத்தா, எதுக்கும் ஒரு வார்த்த சொல்லிரு. ஒரு வார்த்ததான?" என்று கெஞ்சினார்கள். நான் முந்தானையை அவர்கள் கையிலிருந்து உருவிக்கொண்டேன். தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மாமி ஏன் அப்படிக் கெஞ்ச வேண்டும்? அதுதான் என்னைத் தூங்கவிடாமல் அரிக்கிறது. மகனைப் பறிகொடுத்தவரிடம் போய், "உங்க மகன் குடுத்தது போலியா?" என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. காசைக் கொடுத்தனுப்புகிறேன். விற்பதற்கில்லை. அசலா போலியா, அது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அசல் என்றால் அவர் பாரமில்லாமல் படுத்திருக்கிறார். போலி என்றால் நான் அவரைக் கடனோடு அனுப்பியிருக்கிறேன்.

துஆவுடன்,
லத்திபா


தேனி
15.7.2024

அன்புத் தங்கை லத்திபாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். சர்க்கரை இருக்கிறது, அது என்னை விட்டு எங்கே போகப்போகிறது. மதினி சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? மாமியையும் சாப்பிடச் சொல்.

பள்ளியில் கடைசி வரிசையில் நின்றேன். அங்கிருந்து உன் வீடு கூப்பிடு தூரம். கால் வரவில்லை. அதற்கு மேல் என்ன சொல்ல?

காசைக் கொடுத்தனுப்பு. பழைய நகை வாங்கும் மேஜையில் உட்கார்ந்தே முடி நரைத்தவன் நான். கடையில் கேரட் பார்க்கும் மிஷின் இருக்கிறது. உரைகல் இருக்கிறது, ஆசிட் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் என் உள்ளங்கை இருக்கிறது. பொய்க் காசுக்குக் கனம் வராது. தங்கத்தின் கனத்தைப் பித்தளையோ செம்போ அந்த அளவுக்குள் கொண்டுவர முடியாது. ஓரத்து வரிகளையும் லென்ஸில் பார்க்க வேண்டும். அச்சில் அடித்த காசுக்கு வரி கூர்மையாக இருக்கும். வார்த்து எடுத்ததில் மழுங்கி, ஊசி குத்தினாற்போல் குழி விழுந்திருக்கும். நீ பாட்டுக்குச் சினிமாவில் வருவதுபோல் பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்காதே, உனக்குப் பல்தான் போகும்.

உன் மாப்பிள்ளை இப்ராஹிம் பேச்சில் பாதி காற்று என்று சொன்னவன் நான்தான். இல்லை என்று மறுக்கவில்லை. ஆனால் மஹரில் கைவைக்கிற ஆள் என்று நான்கூட நினைத்ததில்லை. நீ கண்டதையும் நினைத்துக் குழம்பாதே.

அண்ணன்
ஷானவாஸ்


கம்பம்
24.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் ஷர்மினும் சுகம். மாமிக்குத்தான் ரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது. மதினியின் முழங்கால் வலி தேவலையா?

வேல்பாண்டி அண்ணன் தேனி மார்க்கெட்டுக்கு வருகிறார். ஜாக்கெட் துணியில் தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு பக்கம் ராஜா தலை, மறு பக்கம் குதிரை மேல் ஒரு ஆள். என் மாமனார் ஏலக்காய் வியாபாரத்தில் இருந்தபோது வாங்கி வைத்ததாம். நிக்காஹுக்கு முதல் நாள் மாமிதான் பெட்டியிலிருந்து எடுத்து மகனிடம் கொடுத்தார்கள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

பெருநாளுக்குப் பெருநாள் அதை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வேன். வீட்டுக்கு வந்தவர்களிடம் அவர், "எம்பொண்டாட்டிக்கு மஹர் பாக்கி வைக்காதவன் நான்" என்பார். நீங்கள் சொல்லும் காற்றுப் பேச்சுதான், ஆனால் எனக்குப் பிடிக்கும்.

கொரோனா வருஷம் காமயகவுண்டன்பட்டித் தோட்டங்களில் பன்னீர் திராட்சை கொடியிலேயே அழுகியது. முன்பணம் கொடுத்த அத்தனை தோட்டமும் போயிற்று. "காச வித்துருவோமா?" என்று கேட்டேன். அவர் முகமே மாறிவிட்டது. "வேற எத வேணும்னாலும் வித்துக்க. அத மட்டும் தொடாத லத்திபா" என்றார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அரிசிக்கே தாளம் போட்ட அந்த நாளில் எனக்கு மட்டும் வயிறு நிறைந்திருந்தது.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

லத்திபா


தேனி
19.8.2024

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம்தானே? ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் தாமதமாகிவிட்டது. வேல்பாண்டி இரண்டு முறை வந்து வெறுங்கையோடு திரும்பினார், அவரைக் கோபிக்காதே. காசை இப்போது அவர் கையிலேயே திருப்பி அனுப்புகிறேன்.

காசு அசல்.

எடை எட்டு கிராமுக்கு ஒரு துளி குறைவு. அசல் சவரன் அப்படித்தான் நிற்கும். ஓர வரிகள் ஒன்றுபோல் இருக்கின்றன. உரைகல்லில் நல்ல மஞ்சள் கோடு விழுந்தது, ஆசிட் தொட்டும் மாறவில்லை. மிஷினில் தொண்ணூற்றொன்று புள்ளி ஆறு. முதலாளியும் பார்த்தார். இதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்று. கம்பத்தில் எந்தக் கடையிலும் இதைக் காட்டாதே. உரச உரசக் காசு தேயும். பத்திரமாகப் பெட்டியில் வைத்துவிட்டு வேலையைப் பார்.

இப்ராஹிமைப் பற்றிச் சொன்னதையெல்லாம் நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஷானவாஸ்


கம்பம்
26.8.2024

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மதினியும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் போன பிறகு முதல்முறையாக இதமாக அழுதேன். வெளியே வந்ததும் ஷர்மின், "என்னம்மா, மொகம் தெளிச்சியா இருக்கு?" என்றாள்.

மன்னித்தேன் என்று சொல்லாமல் விட்டது சரிதான் அண்ணே. சொல்லியிருந்தால் கொடுத்தவரைக் கொடுக்காதவராக்கி அனுப்பியிருப்பேன். இனி மாமி கெஞ்சினாலும் ஊரே கெஞ்சினாலும் சொல்ல மாட்டேன். நீங்கள் திரும்ப எடுத்துக்கொண்ட வார்த்தையை அவர் காதால் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நாலு நாள் அதையே பேசிப் பீற்றியிருப்பார்.

காசை ஷர்மின் நிக்காஹில் அவள் கழுத்தில் போடப் போகிறேன். இத்தா முடிந்ததும் வீட்டுக்கு வாருங்கள். உங்களுக்குப் பிடித்த இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் செய்கிறேன். சர்க்கரைக்கு அது ஆகும்.

லத்திபா


தேனி
9.9.2024

லத்திபாவுக்கு,

ஸலாம். மாமிக்கு இப்போது எப்படி இருக்கிறது? மாத்திரை ஒழுங்காகக் கொடு.

ஒரு விஷயம். இங்கே பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். மஹரைக் கொடுத்திருந்தாலும் மனைவி ஒரு வார்த்தை மன்னித்தேன் என்று சொல்வது நல்லதுதான் என்றார். குடும்பம் நடத்தும்போது ஆயிரம் இருக்கும். தெரிந்ததும் தெரியாததுமாக எவ்வளவோ. யார் முன்னாலும் சொல்ல வேண்டாம். கைகால் முகம் கழுவி ஒளு செய்துகொண்டு, உன் வாயால், உன் காதுக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொல்லிவிடு. இன்றைக்கே சொல்லிவிடு.

ஷர்மினுக்கு அந்தப் பழைய காசு வேண்டாம். இந்தக் காலத்துப் பிள்ளை, அவளுக்குப் பிடிக்காது. மாமன் முறைக்கு நானே புதிதாக ஒரு சவரன் போடுகிறேன்.

சொன்னதும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடு.

ஷானவாஸ்


கம்பம்
20.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மதினி சுகம்தானே?

உங்கள் கடிதம் எனக்கு விளங்கவில்லை. அசல் என்று எழுதியதும் நீங்கள்தான். மன்னித்துவிடு என்று எழுதுவதும் நீங்கள்தான். அவர் மேல் உங்களுக்கு இருந்த பழைய கடுப்பு இன்னும் தீரவில்லையோ என்றுகூட நினைத்தேன். நான் சொல்லப் போவதில்லை. கொடுத்த மனுஷன் பெயரில் கொடுக்காத குறையை நான் எழுத மாட்டேன்.

இங்கே மாமி படுத்த படுக்கையாகிவிட்டார்கள். உடம்புக்கு முடியாதவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பார்களே, அப்படித் தெருவில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். முந்தாநாள் என் முறை வந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏத்தா லத்திபா, ஒங்கிட்ட நான் ஒண்ணு மறச்சிட்டேன். அந்தக் காசு இருக்குல்ல…" என்று ஆரம்பித்தார்கள். எவளோ பொறாமையில் ஏதாவது கிளப்பிவிட்டிருப்பாள், அதைக் கேட்டு இந்த நிலையில் இவர்கள் மனதைப் போட்டு வதைக்கிறார்களே என்று எனக்குப் பாவமாக இருந்தது. "மாமி, நீங்க ஒண்ணும் பேசாதீக. ஷானவாஸ் அண்ணன் ஒரசிப் பாத்துட்டாக. அசல்தானாம். மிஷின்லயும் வச்சுப் பாத்துட்டாக. யாரு என்ன சொன்னாலும் நம்பாதீக" என்றேன்.

பிடித்திருந்த என் கையை விட்டுவிட்டார்கள். "அப்படியா சொன்னான் ஒன் அண்ணன்?" என்றார்கள். "ஆமா மாமி" என்றேன். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். அவர்கள் மனதுக்கும் நிம்மதியாகிவிட்டது. எல்லாம் உங்கள் புண்ணியம்.

லத்திபா


தேனி
23.9.2024

லத்திபா,

இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷம் மாமி பக்கத்தில் போய் உட்கார். காசைப் பற்றி அவர்கள் என்ன சொல்ல வந்தார்களோ அதைச் சொல்லச் சொல். குறுக்கே பேசாதே. நான் சொன்னதைத் திரும்பவும் சொல்லாதே. அண்ணனே உங்களிடம் கேட்கச் சொன்னார் என்று சொல். கடைசி வரை கேள். காரணத்தை நான் நேரில் சொல்கிறேன்.

வேல்பாண்டி லோடோடு கோட்டயம் போயிருப்பதாகச் சொன்னார்கள். அதனால் தபாலில் போடுகிறேன்.

ஷானவாஸ்


கம்பம்
8.10.2024

அண்ணனுக்கு,

மாமி மௌத்தாகிவிட்டார்கள். போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி. உங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டாம் என்று ஷர்மினிடம் நான்தான் சொன்னேன். உங்கள் கடிதம் மறுநாள் வந்தது. அவர்கள் மேல் போட்டிருந்த போர்வை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

உங்களுக்கு அந்தக் கடிதம் எழுதிய அடுத்த நாளே அவர்களுக்கு வாய் கோணிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் தெளிவாக வரவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் வழிந்தது. நோவு என்று நினைத்துத் துடைத்துவிட்டேன்.

உங்கள் கடிதங்களை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்துப் படித்தேன். காட்டாதே என்கிறீர்கள். ஷர்மினுக்குப் போடாதே என்கிறீர்கள். இன்றைக்கே மன்னித்துவிடு என்கிறீர்கள். படிக்கத் தெரிந்தவளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

"அத மட்டும் தொடாத லத்திபா" என்று அவர் சொன்னது இப்போது வேறு குரலில் கேட்கிறது. என் மேல் இருந்த ஆசையில் சொன்னாரா? கடைக்குக் கொண்டுபோனால் குட்டு உடைந்துவிடும் என்று சொன்னாரா? கண் கலங்கியது எதற்கு? இரண்டுக்கும்தானே கலங்கும்.

மறுபடியும் கேட்கிறேன். காசு அசலா? ஒரே வார்த்தையில் எழுதுங்கள்.

லத்திபா


தேனி
12.10.2024

லத்திபாவுக்கு,

இல்லை.

ஒரு வார்த்தைதான் கேட்டாய். ஆனாலும் எழுதுகிறேன், பிடிக்காவிட்டால் கிழித்துப் போடு.

வேல்பாண்டி பொட்டலத்தை நீட்டியபோதே என் கைக்குத் தெரிந்துவிட்டது. இருக்க வேண்டிய எடையில் பாதிகூட இல்லை. தையலைப் பிரிக்கவே எனக்கு மனம் வரவில்லை. உள்ளே பித்தளை, மேலே தங்கப் பூச்சு. யாரோ அசலை வைத்து அச்செடுத்து வார்த்திருக்கிறார்கள். அப்படியானால் அசல் ஒன்று அந்த வீட்டில் ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. அது எப்போது, எதற்காகப் போயிற்று என்பது எனக்குத் தெரியாது. முதலாளி பார்த்தார் என்று எழுதியதும் பொய்தான். யாரிடமும் காட்டவில்லை.

எப்போதும் போல, "பாத்தியா, நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் சொல்ல எனக்கு வாய்த்த ஒரே சந்தர்ப்பம் இதுதான். அவன் மண்ணுக்குள் இருக்கிறான். நீ அடைபட்டு உட்கார்ந்திருக்கிறாய். உனக்கு மிச்சமிருந்தது அவன் மேல் வைத்திருந்த அந்தப் பெருமை ஒன்றுதான், அதையும் என் கையால் பிடுங்க முடியவில்லை. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது, நான் அசல் என்றதால் நீ அவனை மன்னிக்காமல் இருக்கிறாய் என்று. அதனால்தான் அந்த ஹஜ்ரத் கதையை எழுதினேன்.

மாமி பேச வந்ததை நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் போனைக் கையில் எடுத்தேன். உன் பெயரை அழுத்தாமலே வைத்தேன். கடிதத்தைப் பெட்டியில் போட்ட மறுநாள் பஸ் ஏறி உத்தமபாளையம் வரை வந்தேன். இறங்கி ஒரு டீ குடித்தேன். எதிரே தேனி பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அன்றைக்கு மாமி உயிரோடு இருந்தார்கள். நான் வந்திருந்தால், வாய் வராவிட்டாலும் தலையையாவது ஆட்டியிருப்பார்கள்.

நான் வரட்டுமா?

ஷானவாஸ்


கம்பம்
3.12.2024

அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? மதினி இரண்டு முறை போன் செய்தார்கள். நான் எடுக்கவில்லை. அவர்கள் மேல் எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள்.

இத்தா முடிந்துவிட்டது. ஷர்மின் காலேஜுக்குப் போகிறாள். வேல்பாண்டி அண்ணன் கணக்கை நேராகக் கொண்டுவந்து முடித்துக் கொடுத்தார். அவரிடம், "காசப் பத்தி ஒங்ககிட்ட எதாச்சும் சொல்லிருக்காகளா?" என்று கேட்டேன். "எம் பொஞ்சாதிக்குப் பாக்கி வைக்கலன்னு பெருமையாச் சொல்லுவாரு தங்கச்சி. வேற ஒண்ணும் சொன்னதில்ல" என்றார். அது எனக்கும் தெரிந்ததுதான்.

போலி என்று நீங்கள் முதலிலேயே எழுதியிருந்தால் நான் செத்துப்போயிருக்க மாட்டேன் அண்ணே. ஒரு வாரம் அழுதிருப்பேன். அந்தக் கோபத்தோடு எழுந்து மாமியிடம் போயிருப்பேன். "உங்க மகனுக்கு இது தெரியுமா?" என்று கேட்டிருப்பேன். அதைச் சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர்களாகவே சொல்ல வந்தார்கள். உங்கள் பேச்சை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வாயை அடைத்தவள் நான்.

நிக்காஹ் சபையில் அந்தக் காசைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்களாம். நீங்கள் இருந்திருந்தால் உங்கள் கைக்கும் வந்திருக்கும். இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நினைப்பு வருகிறது, எழுதுகிறேன்.

போன வாரம் மன்னித்துவிட்டேன். கபரஸ்தானுக்குள் பெண்கள் போவதில்லை. சுற்றுச்சுவருக்கு வெளியே ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றேன். அவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது. ஷர்மின் விரலை நீட்டிக் காட்டினாள். மஹரை மன்னித்தேன் என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். மாமி பெயரைச் சொல்லியும் சொன்னேன். ஆட்டோக்காரப் பையன் திரும்பிப் பார்த்தான்.

ஆனால் எதை மன்னித்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தே ஏமாற்றியவர் என்றால், அத்தனை வருஷப் பொய்யை ஒரே வார்த்தையில் விட்டுக்கொடுத்திருக்கிறேன். அவருக்கும் தெரியாது என்றால், ஒரு குற்றமும் செய்யாத மனுஷனைச் சந்தேகப்பட்டு மன்னித்திருக்கிறேன். அது மன்னிப்பே இல்லை, அவதூறு. இரண்டில் எது என்று தெரியாமல் ஒரு பெண் எப்படி அழுவாள், சொல்லுங்கள்.

உங்கள் பெயரையும் சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை. நீங்கள் கெட்டது நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வரவில்லை. இப்போது வர வேண்டாம். நான் கூப்பிடுகிறேன்.

ஐந்து வேளையும் அவருக்காகத் துஆக் கேட்கிறேன். கையை ஏந்தி அவர் பெயரைச் சொன்னதும், "ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று அவரிடம் கேட்பதுதான் முதலில் வருகிறது. அதற்குப் பிறகுதான் துஆ வருகிறது.

மாத்திரையை வேளை தவறாமல் போடுங்கள்.

லத்திபா